மித்ரனின் அம்மா

லீலா ஆறு மணிக்கு எழுந்தாள். வாசல் தெளித்தாள். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினாள். குக்கரில் அரிசி வைத்தாள். பிறகு செல்போனைப் பருப்பு டப்பாவின்மேல் சாய்த்து வைத்து, முந்தின நாள் சீரியலைப் போட்டாள். வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். சீரியல் ஓடும் ஒன்பது மணிக்கு அவள் லைனில் நிற்பாள். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் ராத்திரி சீரியல் அவளுக்குக் காலையில்தான்.

மகன் வசந்தகுமார் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். அவன் போனைப் பார்ப்பதில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பான்.

சீரியலில் மித்ரன் என்றொரு பையன். வசந்தகுமாரின் வயதுதான் இருக்கும். அவனுக்குப் பெண்கள்மேல் மனம் போகவில்லை, பையன்கள்மேல்தான் போகிறது என்பதை ஆறு மாதமாகத் துளித்துளியாகக் காட்டிவந்தார்கள். முதலில், கூடப் படித்த பையன் ஊர் மாறிப்போனதற்கு அவன் சாப்பிடாமல் படுத்தான். பிறகு அக்காவிடம் பாதி சொன்னான். மீதியை அவளே புரிந்துகொண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. வாயைத் திறப்பான், யாராவது காலிங் பெல் அடிப்பார்கள், 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

"சொல்லித் தொலையேன்டா," என்றாள் லீலா போனைப் பார்த்து. மூக்கை உறிஞ்சினாள். "பெத்தவ இன்னா உன்ன கொன்னுடவா போறா?"

கணவன் எல்லப்பன் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தான். நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபோது கிடைத்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம்கள் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வேலையென்று பெரிதாக ஒன்றுமில்லை.

"காலங்காத்தால ஒப்பாரி. அந்த ஒம்போதுக்கு நீ அழுவுறியா?"

"நீ சும்மா இருய்யா. பாவம், அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதான?"

"என் வூட்ல பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும், பாவமா இல்லயான்னு."

வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

அப்பா சொன்னதை வசந்தகுமார் தள்ளிவிட்டான். அது புதிதில்லை. அம்மா சொன்னதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டான். ஆறு மாதமாக இப்படித்தான் சேர்த்துவந்தான். ஒருநாள் "பாவம்" என்றாள். இன்னொரு நாள் "அவன் மேல இன்னா தப்பு கீது?" என்றாள். மித்ரன் தன் அம்மாவிடம் சொல்லட்டும், மறுநாள் காலை இதே அடுப்படியில் தானும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது. சேரப்பணஞ்சேரியிலிருந்து லீலாவின் அண்ணன் நடேசன் அன்று வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறான். அவன் மகள் ஐஸ்வர்யா பிறந்தபோதே வசந்துக்கு என்று பேசிவைத்தது. கல்யாணம் படிப்பெல்லாம் முடிந்து நடக்கட்டும், பேச்சு இப்போதே உறுதியாகட்டும் என்றான். ஐஸ்வர்யாவை யாரும் கேட்கவில்லை. வசந்தகுமாரையும் கேட்கவில்லை. மாமன் மகள், அத்தை மகன். முறை என்று வந்தபின் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

புதன்கிழமையும் மித்ரன் வாயைத் திறந்தான். புதன்கிழமையும் காலிங் பெல் அடித்தது. மறுநாள் காலையில் அம்மா அதைப் பார்த்ததும் வசந்தகுமார் கேட்டான்.

"ம்மா, அந்த அம்மா எடத்துல நீ இருந்தா இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்? கட்டிப் புடிச்சிக்குவேன். தொரத்தவா முடியும்?"

"நானும் அப்டித்தாம்மா."

"எப்டி?"

"மித்ரன் மாதிரி."

லீலா சிரித்தாள். ஐஸ்வர்யா பேச்சை எடுத்ததற்குக் கூச்சப்பட்டுப் பிள்ளை விளையாடுகிறான் என்று நினைத்தாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. போனில் துணி சோப்பு விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டயாவது சொல்லிகினியா?"

"இல்லம்மா."

"சொல்லாத."

அவ்வளவுதான். அவன் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பருப்பு டப்பாவின்மேல் போன் இல்லை. லீலா சோறு போட்டாள், டிபன் பாக்ஸ் கட்டினாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்ச நாள் வேண்டும் என்று வசந்தகுமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சீரியலிலேயே ஆறு மாதம் ஆகிறதே.

சனிக்கிழமை குழாயடியில் தங்கமாரி அவனைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்க ரூமில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி. லீலாவோடு ஒரே லைனில் வேலை.

"தம்பி, அந்தப் பய சொல்லிட்டாம்லா! நேத்து வரும்போது கம்பெனி பஸ்ல எல்லாரும் போன்ல பாத்தோம். அவங்க அம்ம ஒரு வார்த்த பேசல, அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. பஸ்ஸே அழுதுட்டு. டிரைவர் அண்ணன், 'யாரும்மா செத்துப்போனா'ன்னு கேக்காரு!" சிரித்தாள். "எல்லாரையும் விட உங்க அம்மதான் ரொம்ப அழுதாவ. தண்ணி குடுத்துல்லா தேத்துனோம்."

அன்று வசந்தகுமாருக்குச் சோறு இறங்கியது. அழுதிருக்கிறாள். அப்படியானால் மனம் இளகுகிறது. அண்ணனிடம் எப்படியாவது பேசித் தள்ளிப்போட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நடேசன் பெரியவர்கள் நாலு பேரோடு தட்டு எடுத்துக்கொண்டு வந்தான். ஐஸ்வர்யா வரவில்லை. பெண்ணைக் கூட்டிவரும் வழக்கம் இல்லை. அவள் இல்லாமலேயே அவளைப் பேசி முடித்துவிடலாம்.

"இன்னா, மருமவன் எங்க?" கூடத்திலிருந்து நடேசனின் குரல் வந்தது. "பொம்பளப் புள்ள கணக்கா உள்ள குந்திகினு கீறான்!"

எல்லப்பன் உரக்கச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

உள்ளறையில் லீலா வெள்ளைச் சட்டையை நீட்டினாள். வசந்தகுமார் வாங்கவில்லை.

"நான் வர மாட்டேம்மா. ஐஸ்வர்யா பாவம். அவ வாழ்க்கையும் சேத்து எதுக்கும்மா கெடுக்கணும்?"

"மெல்லப் பேசு."

"நானே மாமாகிட்ட சொல்லிடுறேன்."

லீலா கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"பஸ்ல அவ்ளோ அழுதியாமே," என்றான் அவன். "தங்கமாரி அக்கா சொன்னாங்க. யாரோ ஒருத்தனுக்கு அழுவுற. எனக்கு ஏம்மா அழ மாட்டேன்ற?"

அவள் கதவை விட்டு விலகினாள். கிட்டே வந்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு கையாகப் பிடித்துச் சட்டையை மாட்டிவிட்டாள். ஒயருக்கு டேப் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்களால் கழுத்துவரை பட்டனைப் போட்டாள். கண் கலங்கவில்லை. குரலும் உயரவில்லை.

பின்னாளில் அம்மா அந்த அறையில் சொல்லியிருக்கக்கூடியவை என்று வசந்தகுமார் எத்தனையோ வார்த்தைகளை யோசித்துப் பார்த்ததுண்டு. அவள் சொன்னது இதுதான்:

"அந்தப் பையன் அழுது முடிச்சிட்டு, மேக்கப்ப தொடச்சிகினு அவன் வூட்டுக்குப் போயிடுவான் கண்ணு. நீ எங்கடா போவ?"