மாலை கழற்றிய பிறகு

வேடியப்பனுக்குப் பக்தி முற்றியதே ஆபரேஷனுக்குப் பிறகுதான். புராஸ்டேட்டில் புற்று என்று புதுச்சேரியில் அறுத்தெடுத்தார்கள். உயிர் தப்பியது. கடைசியாகக் காட்டப் போனபோது, "மாத்திரையும் குடுத்துப் பாத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. இனிமே எழுச்சி வராதுய்யா" என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். வெளியே காத்திருந்த மனைவி செங்கம்மாளிடம், "எல்லாம் சரியாப் பூட்ச்சாம்" என்றான் வேடியப்பன்.

அந்தக் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டான். தையில் பழனிக்கு. மாசி பிறந்ததும் மறுபடியும் முருகனுக்கு. அவனோடு கரும்பு வெட்டுகிற கூட்டமே சிரித்தது. மாலை போட்டவனுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. பெண்டாட்டி கிட்டே வரக்கூடாது, ஏன் என்றும் கேட்கக்கூடாது. பயந்தவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே கிடைக்கும்?

ஆனால் ஒன்றை அவன் யோசிக்கவில்லை. செங்கம்மாள் அவனை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். கோபத்துக்கும் யோவ், கொஞ்சலுக்கும் யோவ். மாலை கழுத்தில் விழுந்ததும் அது நின்றுபோனது. சாமி வாங்க, சாமி போங்க என்று ஊரார் பேசுவது போலவே அவளும் பேசினாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் ஏங்கிக் கிடந்தான்.

பங்குனி உத்திரத்தன்று கோமுகி அணைப் பக்கத்து முருகன் கோயிலில் மாலையைக் கழற்றினான். வீட்டுக்கு வந்ததும் செங்கம்மாள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், சித்திரைக்கு எந்த சாமிய்யா?"

அந்த யோவில் வேடியப்பன் உடைந்தான்.

"எந்த சாமியும் இல்ல செங்கா. எனக்கு அது பூட்ச்சி. ஆபரேஷனோடயே பூட்ச்சி. இனிமே வராதாம்."



"என்னப் புடிக்கலியோன்னு எத்தினி நாளு அழுதுக்கினு கெடந்தேன் தெரியுமா?"

அவன் வாய்விட்டு அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "வுடு. உசுரு இருக்குதில்ல" என்றாள். பிறகு எழுந்துபோய், தலையிலிருந்த பூவை எடுத்து முருகன் படத்துக்குப் போட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சாமி, சோறு போட்டுட்டேன். வாங்க."

வேடியப்பன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். மாலை இல்லை. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள், திருத்திக் கூப்பிடுவாள் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"ஆறிடப் போவுது சாமி" என்றாள் செங்கம்மாள்.