எறியாமல் போன இரண்டாவது பந்து

1

இந்தக் கதை என் மனதில் தானாக உதித்தது என்று சொன்னால் பொய். விழா மலரில் நான்கு பக்கம் காலியாக இருந்தது. அதை நிரப்பக் கேட்டார்கள். எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் செந்தூர்பாண்டி இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறான். (பெறுகிறார் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவன் என் உடன்பிறந்த தம்பி. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவனுக்கு மரியாதை போட்டு எழுதக் கை வரவில்லை.) மலரை அடிப்பது சிவகாசியில் உள்ள எங்கள் அச்சகம். கல்லூரிக் கமிட்டியின் ஒன்பது உறுப்பினர்களில் நானும் ஒருவன். ஆகவே எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்ததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

தம்பி ஒரு நிபந்தனை மட்டும் சொன்னான்.

"என்ன வேணாலும் எழுதுங்கண்ணே. அந்த பைனலை எழுதாம விட்டாலும் சரி. எழுதினா நடந்த மாதிரி எழுதுங்க."

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தன் இடத்துக்கு அவன் சிபாரிசு செய்திருப்பது பாலகுருவை. காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் பாலகுரு, இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதே பைனலில் எங்களுக்காக ஆடியவன். போன கூட்டத்தில் அவன் விண்ணப்பத்தை எடுத்ததுமே ஓர் உறுப்பினர் சிரித்துவிட்டார். சரவெடிக்கு மைதானத்தை விட்டு ஓடினவனா நம்ம பயலுகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கப் போறான் என்று கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை; பேசவும் இல்லை. முடிவு அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. மலர் ஞாயிற்றுக்கிழமை வெளிவருகிறது.

இதுதான் நிலைமை. இனிக் கதை.

2

முதல் தொடக்கம்: "விருதுநகரில் மூன்று தலைமுறைகளாக வாணிபத்திலும் கல்விப் பணியிலும் பெயர் பெற்று விளங்கும் எங்கள் குடும்பத்தில்"

இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை. என் மனைவி பொன்னுத்தங்கம் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "கொழுந்தனாரைப் பத்தி எழுதுறீகளா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீகளா?" என்று கேட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: செந்தூர்பாண்டி உயரமானவன் இல்லை. பல்கலைக்கழக அணியில் அவனைவிடக் குள்ளமானவர் யாரும் கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்குக் கொடுத்தால் கூடையில் விழுமோ அவனுக்குக் கொடுப்பதுதான் அவன் வேலை. நான்கு வருஷம் அதைச் செய்தான். கைதட்டெல்லாம் போட்டவனுக்குப் போயிற்று. இருபத்து நான்காவது வயதில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் கிடந்தபோது, கம்பெனிக்கு வந்து உட்காரு என்று அவனிடம் சொல்லாதவர்கள் இல்லை. அவன் பந்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். மூன்று வருஷம் கழித்துக் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தான். பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் உள்ள வீட்டுப் பிள்ளை விசில் ஊதப் போகிறானே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். (கேட்டவர்களில் முதல் ஆள் நான்.)

அவன் பிள்ளைகளைத் தேடிப் போகிற இடமே வேறு. சுற்றியுள்ள கிராமங்களில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் பஸ் ஏறுகிறவர்களின் வீடுகளுக்குப் போவான். வாசலில் நிற்கும் பையனின் கை நீளத்தைப் பார்ப்பான். அப்படிக் கிடைத்தவன்தான் பாலகுரு. அவன் அம்மா குருவம்மாள் எங்கள் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். முதல் நாள் செந்தூர்பாண்டி அந்த வீட்டுக்குப் போனபோது, முதலாளி வீட்டு ஆள் வந்துவிட்டாரே என்று பயந்துபோய், நாளைக்கு லீவு போட மாட்டேன் என்று அவளாகவே சொன்னாளாம்.*

* இதைத் தம்பி இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

3

இனி பைனல். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் கல்லூரி மைதானம். கோப்பை எங்கள் அப்பா பெயரில் நாங்கள் வைத்தது. எட்டு வருஷமாக வெளியூர்க்காரர்களே அதைத் தூக்கிப் போனார்கள். அந்த வருஷம் ஜெயிப்பது உறுதி என்று மேற்கு வாசலில் பத்தாயிரம் வாலா சரம் ஒன்றை விரித்து வைத்திருந்தோம். எங்கள் போர்மேன் பெத்தணன் ஊதுவத்தியோடு அதன் பக்கத்தில் நின்றான். கூட்ட இரைச்சலில் சொன்னால் கேட்காது என்பதால், தலைவர் தோளிலிருந்து துண்டை எடுத்து வீசினால் பற்றவைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஆட்டம் முடிய நான்கு விநாடி. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பாலகுருவைத் தள்ளிவிட்டார்கள்; அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அதாவது கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல், இரண்டு முறை கூடையில் எறியலாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செந்தூர்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலகுருவை அவன் பார்க்கத் தேவையில்லை, காதே போதும். மூன்று தட்டு, ஒரு மூச்சு, பிறகு வலை சரசரக்கும். மூன்று வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட சத்தம். மூன்று தட்டு. மூச்சு. வலை. புள்ளிகள் சமம். ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

நடுவர் பந்தை மறுபடி கொடுத்தார். ஒரு தட்டு. இரண்டு.

அப்போது தலைவர் கையசைத்ததுபோல் பெத்தணனுக்குத்

(இல்லை.)

அப்போது காற்றில் யாருடைய துண்டோ

(இதுவும் இல்லை. பிறகு வருகிறேன்.)

சரம் வெடித்தது. பாலகுருவின் கையிலிருந்து பந்து நழுவி உருண்டது. அவன் மேற்கு வாசலைப் பார்த்தான், அங்கே எழுந்த புகையைப் பார்த்தான், ஓடினான். கோட்டைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, வெடித்துக்கொண்டிருந்த சரத்தையே தாண்டி வெளியே ஓடினான்.

விதிப்படி பந்து எதிரணிக்குப் போயிற்று. எங்கள் நான்கு பேரும் வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருக்க, அவர்கள் நீளமாக ஒரு பந்து வீசிக் கூடையில் போட்டார்கள். இரண்டு புள்ளியில் தோற்றோம். சத்தத்தைக் காரணம் காட்டி ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வழி இருந்தது. பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் அங்கே இல்லை. முழங்கால் வலியோடு அவனும் பையனுக்குப் பின்னால் ஓடியிருந்தான்.

4

பாலகுரு என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. பட்டாசுக்காரி மகன், சரச் சத்தத்துக்குப் பயந்தான் என்றால் எந்த வாசகர் நம்புவார்? தூங்கும்போதுகூட அவனுக்குச் சரம் எது, அணுகுண்டு எது என்று தெரியுமே. இதைச் செந்தூர்பாண்டியிடமே கேட்டேன். இருபத்தொரு வருஷம் கழித்து, போன வாரம்தான் கேட்டேன்.

அவன் சொன்னது இது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் பையனைப் பிடிக்க முடிந்தது. பயந்த பிள்ளை சத்தத்தை விட்டு விலகி ஓடும். இவன் கேட்டுக்கு அப்பால் எங்கள் பட்டாசுக் கம்பெனி இருக்கும் திசையில் ஓடிக்கொண்டிருந்தான். செந்தூர்பாண்டி பனியனைப் பிடித்து நிறுத்தி, அது நம்ம சரம்லே, வாசல்ல வச்சது என்று கத்தினான். பையனுக்கு மூச்சு வாங்கியது.

"எங்க ஊர்ல மொதல்ல இப்படித்தான் சார் கேக்கும். சரம் மாதிரி. பொறவுதான் பெருசா கேக்கும். அம்மா சிப்ட்ல இருக்கு சார்."

அவன் அக்கா பாண்டிச்செல்வி அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு வெடி விபத்தில் போய்விட்டவள். (எங்கள் கம்பெனியில் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்றும் தெரிகிறது.) முதல் சத்தத்துக்கு ஓடியிருந்தால் ஒருவேளை அவளை வெளியே இழுத்திருக்கலாம் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டும் எழுதிக்கொண்டிருந்தான்.

செந்தூர்பாண்டி அவனைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்து வரவில்லை. கம்பெனி வாசல்வரை கூட்டிப்போனான். குருவம்மாள் வெளியே வந்து, மகன் பனியனோடு நிற்பதைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீகளா?" என்று கேட்டாள்.

5

விசாரணை வைத்தோம். துண்டை வீசியது யார் என்ற கேள்வி. பெத்தணன் தலையைக் குனிந்துகொண்டு, துண்டு அசைஞ்சுது, பத்த வச்சேன் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அப்போது செந்தூர்பாண்டி எழுந்தான். அவன் கழுத்திலும் ஒரு துண்டு கிடப்பது வழக்கம். முதல் பந்து விழுந்த சந்தோஷத்தில் நான்தான் வீசிட்டேன் என்றான்.

மூன்று வருஷம் அவனைப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார்கள். மாநில இளையோர் அணிக்கு அவனைப் பயிற்சியாளராக அழைத்திருந்தார்கள். அதுவும் கைவிட்டுப் போயிற்று. பாலகுருவை அணியிலிருந்து எடுத்தார்கள். பஸ்ஸில், டீக்கடையில் அவனைப் பார்த்து வாயாலேயே வெடிபோட்டுக் காட்டினார்கள். தம்பி பழியை ஏற்றுக்கொண்டான். பையன் மேல் விழுந்த கேலியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை.

இதுவரை எழுதி அச்சுக்கோத்த தாளைப் பொன்னுத்தங்கம் படித்தாள். தலைவர், தலைவர் என்று எழுதியிருந்த இடங்களில் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"கமிட்டித் தலைவர்."

"பேரு இல்லையாக்கும் அவருக்கு? அன்னைக்குத் துண்டைத் தொவைச்சவ நான். முகத்தைத் தொடச்சா ஒரு ஒதறு ஒதறித் தோள்ல போடுற பழக்கம் எங்க வீட்ல ஒருத்தருக்குத்தான் உண்டு."

ஆகவே, மூன்றாம் பகுதியில் விட்டுப்போன வாக்கியம்: சமநிலை ஆனதும் எனக்கு வியர்த்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். வழக்கம்போல உதறினேன்.

தலைவர் நான்தான். உதறிய அந்த நொடியே எனக்குத் தெரியும். விசாரணையில் தம்பி எழுந்தபோதும் தெரியும். அண்ணன் தலை குனியக் கூடாது என்று தம்பி நினைக்கிறான், இது நம் குடும்பத்தின் ஒழுங்கு என்று பெருமைகூடப் பட்டேன். அந்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எழுதத் தொடங்கினேன்; அதை அடித்துவிட்டேன். கல்யாணம் முடிந்த பிறகும் இருபது வருஷம் இருந்தது.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: பாலகுரு ஓடவில்லை. இரண்டாவது பந்தை எறிகிறான். விழுகிறது. பெத்தணன் சரியான நேரத்தில் பற்றவைக்கிறான். படிக்க நன்றாக இருக்கும். குருவம்மாள் இதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியதால் நீக்கினேன்.

இரண்டு: செந்தூர்பாண்டிக்குக் கிடைத்த கோப்பைகளை வரிசையாகச் சொல்லி, வாழ்த்தி முடிப்பது. பதினொரு கோப்பைகள். ஆனால் அவனுடைய வேலை கோப்பை இல்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. மூன்று வருஷம் கழித்து அவனைத் திரும்ப எடுத்துக்கொண்ட முதல் நாள், பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் எந்த ஆலையில் எந்த ஷிப்ட் என்று கேட்டு, கம்பெனி போன் நம்பரோடு எழுதி வாங்கினான். அந்தத் தாள் அவன் சட்டைப் பையில் இருக்கும். வருஷா வருஷம் புதுத் தாள். பயிற்சியின்போது எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டால் பந்து நிற்கும். செந்தூர்பாண்டி ஒவ்வொரு நம்பராக அடிப்பான். பிள்ளைகள் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். "ஒங்க அம்மா நல்லாருக்கு. போ, போடு" என்ற பிறகுதான் அந்தப் பிள்ளை பந்தைத் தொடுவான். இந்த யோசனையைச் சொன்னவன் பாலகுரு. காரியாபட்டிப் பள்ளியில் அவனும் ஒரு தாள் வைத்திருக்கிறான்.

இரண்டு முறை அந்தப் பதில் வராமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தம்பியே வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

மூன்றாவது முடிவை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. இந்த மலரை வாங்கும் உங்களில் எட்டுப் பேர் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என்னோடு அந்த அறையில் உட்காரப்போகிறீர்கள். போன கூட்டத்தில் முதலில் சிரித்தவரும் அதில் இருக்கிறார். அவருடைய பிரதியை நானே நேரில் கொடுப்பேன். நேற்றுத் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ரெண்டு தட்டுனு எழுதியிருக்கீக, சரிதான்" என்றான்.

பாலகுருவின் பெயரைப் படித்துக் கை தூக்கச் சொல்வார்கள். என் கை எழும். அன்றைக்கு என் தோளில் துண்டு இருக்காது. ஐம்பது வருஷத்தில் வெறும் தோளோடு நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது அதுவே முதல் முறை. மற்ற எட்டுக் கைகளை நான் எழுத முடியாது. கடைசி வாக்கியத்தை முடிக்காமல் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து, வெளியே மைதானத்தில் காத்திருந்த பாலகுருவிடம் நாங்கள் போனபோது