ஒட்டுப்போட்ட வலை

லிமா நகரின் தெற்கு மேட்டில், கடைசி வரிசை வீடுகளுக்கும் மேலே, நியேவெஸ் மூன்றாம் தடவையாகக் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செங்குத்துப் பாதையில் இனி ஏறமாட்டேன் என்று தண்ணீர் லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. பதினோரு வீடுகளில் இரண்டு காலியாகிவிட்டன.

மழையே பெய்யாத இடம். ஆனால் ஜூனில் குளிர்காலம் பிறந்தால் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் வீட்டுக்குள் புகுந்து படுக்கையைக்கூட நனைத்துவிடும். "இதப் புடிச்சா என்ன?" என்று ஆரம்பித்தவர் பக்கத்து வீட்டுக் கொத்தனார் பிலெமோன். இரண்டு கம்பம் நட்டு, செடிகளுக்கு நிழல் கட்டும் பச்சை வலையை விரித்து, அடியில் குழாயை நெடுக்காகப் பிளந்து வைத்தார். காலையில் வலை முழுக்க முத்து முத்தாகத் துளிகள். குழாயில் ஒரு கோப்பைகூட இல்லை. காற்று ஒரு வீச்சு வீசியதும் துளிகளும் பறந்துபோயின. ஆடுவதால்தான் போகிறது என்று இறுக்கிக் கட்டினார், கிழிந்தது.

"கட்டடம் கட்டற கையி, மேஸ்திரி, உங்களுது. துணிய இப்படியா இழுப்பாங்க?"

"நீ தைச்சுட்டே இரு, நான் கிழிச்சுட்டே இருக்கேன். ரெண்டு பேருக்கும் வேல இருக்கும்ல."

சிரிப்பை மறைக்க நியேவெஸ் நூலைப் பல்லால் கடித்தாள். அதே வலையில் ஒரு துண்டு வெட்டி, கிழிசல்மேல் ஒட்டுப்போட்டாள்.

மறுநாள் காலை, மீன்கஞ்சி விற்கும் தர்சிலா குழாயை எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள். "அக்கா, ஒட்டுக்குக் கீழ மட்டும் தண்ணி நிக்குது."

நூல் வழியாக இறங்குகிறது என்றாள் நியேவெஸ். வலை கனமாக இருப்பதால் என்றார் பிலெமோன். இருவரும் வாதாடி முடிக்கும்வரை தர்சிலா ஒட்டுமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றாள். "காத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுது. உரசறப்ப துளியெல்லாம் சேந்து ஓடியாருது."

அன்றே முழு வலையையும் இரட்டையாக்கி, நாலு ஓரமும் அடித்துத் தைத்தாள் நியேவெஸ். மறுநாள் தண்ணீர் கூடியிருந்தது, கொஞ்சம்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவள் வேலை பார்க்கும் தையல் பட்டறையில் சட்டைக்கு உள்துணி வைக்கும்போது, ஓரத்தை இறுக்கித் தைத்தால் உள்ளே அசையவே அசையாது என்பது மறுநாள் வேலைக்கு நடுவில்தான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் வந்ததும் கீழோரத் தையலைப் பிரித்தாள். பிலெமோன் கம்பத்துக் கயிற்றை இரண்டு விரல் தளர்த்தினார்.

விடிகாலை சத்தம் கேட்டுத்தான் எழுந்தாள். குழாயிலிருந்து பீப்பாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம். பாதிக்குமேல் நிறைந்திருந்தது. ஒன்பது வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? இன்னும் எத்தனை வலை வேண்டும்?

"யோசன யாருதுன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள் தர்சிலா.

"கிழிச்சது நானு," என்றார் பிலெமோன்.

குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். புருவத்திலிருந்த சிமெண்டுத் தூசி கரைந்து கன்னத்தில் வழிந்தது. அவருக்குப் புருவம் இவ்வளவு கறுப்பு என்று நியேவெஸுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் இன்னொரு கை தண்ணீர் அள்ளிக்கொள்ளட்டும் என்று அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.