பேட்டரியைக் குடித்தது யார்

ஓரகத்திகள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்கூட்டர். காலையில் மூத்தவள் பல் மருத்துவமனை வேலைக்கு ஓட்டிப் போவாள். மதியம் அவள் திரும்பியதும் இளையவள் தன் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போவாள். ஒழுங்காக ஓடிய அந்த ஏற்பாட்டில் பேட்டரி மண்ணை அள்ளிப் போட்டது. ஒரு நாள் சும்மா நின்றால் போதும், மறுநாள் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று முனகிவிட்டு அடங்கிவிடும்.

"சாவியை முழுசா திருப்பாம விட்டுட்டு வந்துடறா, வேற என்ன?" என்று மூத்தவள் சமையலறைச் சுவரிடம் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"பட்டனை விடாம அமுக்கினா பேட்டரி என்னத்துக்கு ஆகும்?" என்று இளையவள் துணிக்கொடியிடம் சொன்னாள்.

நேருக்கு நேர் பேச்சு அறவே நின்றுபோனது.

"புது பேட்டரி போட்டா தீர்ந்துச்சு" என்றார் மூத்தவளின் கணவர்.

இளையவளுக்கு அது சரியாகப் படவில்லை. சனிக்கிழமை பேட்டரியைக் கழற்றி, முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து, முழுக்க சார்ஜ் ஏற்றித் தனியாக வைத்தாள். மறுநாள் காலை மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருந்தது. அப்படியென்றால் வண்டியில்தான் ஏதோ உறிஞ்சுகிறது.

பேட்டரியை வண்டியில் வைத்து பாசிட்டிவ் வயரை மட்டும் மாட்டினாள். நெகட்டிவ் வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தாள். மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சாவி உங்க கையிலயே இருக்கட்டும்க்கா. மீட்டரைப் பாருங்க. வண்டி தூங்குது, கரண்ட் ஓடுது."

"அப்ப நீ குடிக்கலையா?"

"நானும் இல்ல, நீங்களும் இல்ல."

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மீட்டர் அசையவில்லை. கோளாறு ஃப்யூஸுக்கு முன்னாலேயே இருக்கிறது என்று புரிந்தது. ஆனால் அந்த இடுக்கில் கண் நுழையவில்லை.

"இரு" என்று உள்ளே ஓடிய மூத்தவள், பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு வந்தாள். டார்ச்சும் கண்ணாடியுமாகக் குனிந்தவள், "கடவாய்ப் பக்கம் ஒரு சிவப்பு வயர், கறுப்புப் பெட்டிக்குப் போகுது" என்றாள்.

இளையவள் கையை விட்டு அதன் இணைப்பைப் பிடுங்கினாள். மீட்டர் விழுந்தடித்து இறங்கியது. பெட்டியைக் கவிழ்த்தால் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

வாசலில் மூத்தவளின் கணவர் தொண்டையைச் செருமினார். "அது திருட்டு அலாரம். உங்க வண்டி பத்திரமா இருக்கட்டுமேன்னு நான்தான்..."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே மாமா?"

"சொன்னா ரகசியம் போயிடும்ல."

"திருடன் எதுக்கு, நீங்க ஒருத்தர் போதாதா?" என்றாள் மூத்தவள். இளையவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

அலாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோதித்துப் பார்க்கவென்றே வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்தார்கள். பிறகு மூத்தவள் பட்டனைத் தொட்டதுதான் தாமதம், இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஏய், சீக்கிரம் வா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மதியம் வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? உன்னைக் கடையில விட்டுட்டே போறேன்."