நூற்றிருபத்தேழு டிகிரி

என் அத்தான் வீட்டு வரைபடம் போடுகிறவர். பத்து வருடம் இன்னொருத்தருக்குக் கீழே கோடு கிழித்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக முதல் வேலை கிடைக்கப்போகிறது. வியாழக்கிழமை நான்கு மணிக்குள் ஒன்பது படங்களையும் அச்செடுத்து ஒரு கட்டடக் கம்பெனியில் கொடுத்தால் வேலை அவருக்கு. இல்லையென்றால் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட வாரத்தில் மனுஷன் வேலையைப் பார்ப்பாரா? கம்ப்யூட்டரின் சூட்டைக் காட்டும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எனக்கு போன். 'டெம்ப் 6' என்ற வரியில் நூற்றிருபத்தேழு டிகிரி காட்டுகிறதாம். தீப்பிடித்துவிடுமா என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. கடையில் மூன்று லேப்டாப் வாயைப் பிளந்து கிடந்தன. சூட்டை அளக்கும் சென்சாரே மாட்டாத இடத்தைப் படித்தால் அந்த சாஃப்ட்வேர் வாய்க்கு வந்ததைச் சொல்லும். எத்தனையோ பேருக்கு விளக்கிய சங்கதிதான். சொந்த அத்தானுக்கு விளக்கத்தான் பொறுமை இல்லை.

"அது பொய் அத்தான், கண்டுக்காதீங்க" என்று வைத்துவிட்டேன். மேதாவி இல்லையா நான்.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறது, ஒரு படம்கூட முழுசாக வரவில்லை என்றாள்.

போய்ப் பார்த்தால், அத்தான் சூட்டைப் பற்றி மட்டும் நிம்மதியாக இருந்தார். வேறு ஏதோ கோளாறாம். திரையில் ப்ராசசர் முப்பத்தெட்டு டிகிரி. பெட்டியைத் தொட்டால் கையைச் சுட்டது. அந்த டெம்ப் 6 அறுபத்தேழு. மற்ற வரிகளில் மைனஸ் இருபது, மைனஸ் இருபத்தைந்து. ஆகா, மேஜைக்கடியில் பனிமலை! குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்றார்.

செட்டிங்ஸைத் திறந்தேன். பொய்தானே என்று, எல்லா வரியிலும் அறுபது டிகிரி குறைத்துக் காட்டும்படி மாற்றி வைத்திருந்தார். சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. எச்சரிக்கை மணியும் வாயை மூடிக்கொண்டது. அதோடு விட்டாரா? பொய் சொல்லும் சென்சாரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பெட்டியைத் திறந்து துழாவியிருக்கிறார். இல்லாத சென்சார் எங்கே கிடைக்கும்? மூடும்போது ஒரு வயர் ப்ராசசர் ஃபேனில் சிக்கி, ஃபேன் நின்றுபோயிருந்தது. நிஜமான சூடு தொண்ணூற்றெட்டு.

வயரை விலக்கி, குறைத்த அறுபதையும் பழையபடி மாற்ற அரை நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அணையவே இல்லை. ஆனால் ஒரு படம் அச்சாகப் பத்து நிமிஷம். ஒன்பதாவது வெளியே வந்தபோது நாலே கால். அப்படியும் சுருட்டிக்கொண்டு ஓடினார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வந்ததும் பிடி பிடியென்று பிடிக்கக் காத்திருந்தேன். தெரியாத இடத்தில் கை வைப்பானேன், மூடிக் கிடந்த பெட்டியைத் திறப்பானேன் என்று ஒரு பட்டியலே தயாராக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"நீதான் பொய்னு சொன்னியே. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது. என் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, பழைய முதலாளியைப் பார்க்கக் கிளம்புமுன் அத்தான் போன் செய்தார்.

"ப்ராசசர் நாப்பத்தொண்ணு காட்டுது. இது நிஜமா, பொய்யா?"

கடையில் ஐந்து லேப்டாப் கிடந்தன. வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடையைப் பூட்டினேன்.