சுமைதாங்கி வளைவு

சைக்கிள் வருவதற்கு முன்னால் மலையில் காவல்காரனுடைய செருப்புச் சத்தம்தான் கேட்கும். விறகுக்குப் போன பெண்கள் அதைக் கேட்டதும் கட்டோடு புதருக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். யுத்தத்துக்கு மரம் அனுப்ப, வெட்டுக்கு விட்ட காட்டுக் கூப்பை ஏலம் எடுத்த கண்டிராக்டர், குற்றாலத்து மலைக்குப் பின்புறம் ஏழு மைலுக்குச் சரள் ரோடு போட்டு, காவல்காரன் சங்கிலிப்பாண்டி கையில் ஒரு சைக்கிளையும் கொடுத்தார். அதற்கப்புறம் ஒதுங்க நேரமில்லாமல் போயிற்று. சரளில் டயர் நெரியும் சத்தம் காதில் விழும்போதே ஆள் முன்னால் வந்து நிற்பான்.

இலஞ்சியிலிருந்து விறகுக்குப் போகிற முப்பிடாதிக்கு அந்த ரோடு மனப்பாடம். எந்த ஏற்றத்தில் சங்கிலிப்பாண்டி இறங்கித் தள்ளுவான், எந்த வளைவில் பிரேக்கைப் பிடிப்பான் என்பதெல்லாம் அவள் இரண்டு மாதமாகக் குனிந்த தலையோடு படித்த படிப்பு. மரவண்டிகள் போய்ப்போய் ரோட்டில் இரண்டு தடம் விழுந்திருந்தது. நடுவில் சரள் குவிந்து கிடக்கும். ஏறினால் சக்கரம் நழுவும். வலது தடத்தை மழை அரித்துவிட்டது. இடது தடத்தில் மலையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கல்லில்லாத செம்மண். கொடிமரப் பாறையிலிருந்து இறங்கும்போது சங்கிலிப்பாண்டி இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு, அந்தச் சாண் அகலத்திலேயே காற்றாய் வருவான். துண்டு பின்னால் பறக்கும். சில நாள் பாட்டும் பாடுவான். அந்தப் பாட்டுத்தான் முப்பிடாதியின் வயிற்றில் தீ வைத்தது. இவனுக்கு எப்படிப் பாட வருகிறது?

ஆனி மாதம் நடந்தது அது. அக்காள் குருவம்மாளுக்கு அப்போது ஏழாவது மாதம். சுள்ளி பொறுக்கக் கண்டிராக்டர் ஆள் கொடுத்த சீட்டு, மடியில் இருந்தபடியே சாரலில் நனைந்து மை கரைந்துபோயிருந்தது. சுமைதாங்கி வளைவில் சைக்கிள் குறுக்கே வந்து நின்றது.

"சீட்டு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. இந்தாரும்."

"இதுல என்ன எழுதியிருக்கு? நீயே வாசி."

"வாசிக்கத் தெரிஞ்சா நான் ஏன் அண்ணாச்சி வெறகு பொறுக்குதேன்?"

கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று.

"சரி. கங்காணி வந்து பாக்குறவரைக்கும் கட்டோட அப்படியே நில்லு. கீழ எறக்குனா அருவாளும் கெடையாது, நாளைலேருந்து மலையும் கெடையாது."

அந்த வளைவில் ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்த சுமைதாங்கி உண்டு. யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை அதில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். சங்கிலிப்பாண்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். மருதமர நிழல் அவன் காலடியில் கிடந்தது. அது நகர்ந்து ரோட்டைக் கடந்து மறுகரைக்குப் போய்விட்டது. கங்காணி வரவேயில்லை. வருவதாகவும் இல்லை.

சுமையோடு நிற்கிறவர் கேட்டால் எதிரே வருகிறவர் கை கொடுத்து இறக்கிவிட வேண்டும் என்பது அந்த மலைப்பாதையின் வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியானாலும் கை கொடுத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வான். குருவம்மாள் தங்கையைப் பார்த்து, "ஏட்டி, ஒரு கை பிடி" என்றாள். முப்பிடாதி ஓரடி முன்னால் வைத்தாள்.

"தொட்டா உன் கட்டும் போச்சு" என்றான் சங்கிலிப்பாண்டி.

முப்பிடாதி வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஊர்ச் சாவடியில் வைத்துக் கேட்டபோது சங்கிலிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "கனத்துச்சுன்னா கீழ போட வேண்டியதுதான? நானா அவ தலையில ஆணி அடிச்சு வச்சேன்?" என்றான்.

குருவம்மாள் அதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. தங்கை கை பிடிக்காததையும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் முப்பிடாதிக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆடிக் கடைசியில் தென்காசியில் மசூதுடைய சைக்கிள் கடைக்குப் பின்வாசலில் முப்பிடாதி விறகு இறக்கிக்கொண்டிருந்தாள். கடைக்குள் சங்கிலிப்பாண்டியின் குரல் கேட்டது. மசூது டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல ஒட்டுப்போட எடமில்ல வே. புது டயர் வேணும்னா ஜப்பான்காரன்ட்டதான் போய்க் கேக்கணும். மலாயா ரப்பர் பூராவும் அவன் கையில கெடக்கு."

"கிழிஞ்சுதுன்னா மொதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"அப்ப ஒண்ணு செய்யும். பஞ்சரானா உருட்டாதீரும். காத்தில்லாம சரள்ல உருட்டுனா டயர் நார் நாராப் போயிரும். பொண்டாட்டியத் தூக்குத மாதிரி தூக்கிட்டு வாரும்."

"பொண்டாட்டிய எவன்வே தூக்குதான்?"

"அப்ப வெறகுக்கட்டு மாதிரி தூக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை. கூலியை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, வீட்டுக்குப் போகாமல் கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பாதையில் நடந்தாள். அங்கே வயல் வேலிகளில் உடைமரம் உண்டு. விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முள். கை கிழியக் கிழிய ஒடித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சங்கிலிப்பாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போகும்வரை ஒளிந்திருந்தாள். விறகுப் பெண்கள் குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். வளைவில்தான் ரோட்டுக்கு வருவார்கள். மேலே, ரோட்டின் மூன்றாவது பாலத்துக்கு அந்தண்டை அந்த நேரத்தில் அவனைத் தவிர ஒரு குருவி வராது. இடது தடத்துச் செம்மண்ணில் முள்ளை ஒவ்வொன்றாக முனை மேலே பார்க்க ஊன்றி, மேலே பழுத்த இலையைப் பரத்தினாள். பிறகு இரண்டு மைல் இறங்கி வளைவுக்கு வந்து, தன் விறகுக்கட்டைச் சுமைதாங்கியின்மேல் ஏற்றி, காட்டுக்கொடியால் கல்லோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. பாட்டும் கேட்டது. இரண்டும் ஒன்றாக நின்றன.

அவன் வளைவுக்கு வந்து சேர்ந்தபோது சாரல் விட்டு வெயில் அடித்தது. தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் சைக்கிளைக் குறுக்காக ஏற்றியிருந்தான். இரண்டு டயரும் சப்பிப் போயிருந்தன. முழங்காலில் ரத்தம். பாலத்துச் சுவரில் வைத்துத் தலைக்கு ஏற்றியிருப்பான். இறக்குவதற்கு இந்தக் கல்லை நம்பித்தான் இரண்டு மைலும் நடந்திருக்கிறான். கல்லைப் பார்த்தான். கட்டைப் பார்த்தான்.

"ஏட்டி, கட்ட எடு."

அவள் எடுக்கவில்லை.

"கை மரத்துப் போச்சு. தன்னால எறக்கினா காலு வழுக்கி வண்டியோட விழுவேன். ஒரு கை பிடி தாயி."

இப்போது ஏட்டியிலிருந்து தாயிக்கு வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பிடாதி மருதமர நிழலைப் பார்த்தாள். அது கல்லின் அடியில்தான் இருந்தது.

"கனக்குதா அண்ணாச்சி?"

"கழுத்து முறியுது தாயி."

"கீழ போட வேண்டியதுதான? நானா உம்ம தலையில ஆணி அடிச்சு வச்சேன்?"

அவன் முகம் செத்தது. சாவடியில் தான் சொன்னது எந்த வார்த்தை என்று அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

"இது மொதலாளி வண்டி. போட்டா போச்சு. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதா?" என்றாள்.

குறுக்குப் பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டோடு ரோட்டுக்கு இறங்கினார்கள். முதலில் வந்தவள் நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சைக்கிளு உம்ம மேல சவாரி போவுதா?" என்றாள். பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தலைக்கட்டுகள் ஆடின. ஒருத்தியும் நிற்கவில்லை. கை கேட்டு அவன் கெஞ்சியது சிரிப்புக்குள் கேட்காமலே போயிற்று.

கடைசியாகக் குருவம்மாள் வந்தாள். சங்கிலிப்பாண்டியைக் கண்டதும் நின்றாள். அவள் கேட்பதற்கு முன்னால் முப்பிடாதி ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து அவள் கட்டைத் தரையில் இறக்கினாள். குருவம்மாள் தங்கையின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க முள் கீறல். பிறகு அவன் தலையிலிருந்த சப்பிப்போன டயரைப் பார்த்தாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"சீட்டு இருக்கா அண்ணாச்சி?"

அவன் வாயைத் திறந்தான். சைக்கிள் ஆடி, தலைக்குமேல் மணி தானாகக் கிணுகிணுத்தது.

அக்காளும் தங்கையும் ரோட்டோரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். நிழல் நகர்ந்து, ரோட்டில் இறங்கி, அவன் காலைத் தாண்டி மறுகரையைத் தொட்டது. குருவம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள்.

"பிடிட்டி."

முப்பிடாதி கட்டைத் தூக்கிவிட்டாள்.

"உன் கட்டு?"

"கெடக்கட்டும்."

"ஒரு நா கூலிட்டி."

"கெடக்கட்டுங்கேன்லா."

இரண்டாவது வளைவு திரும்பும்போது மேலே சரளில் இரும்பு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மணி ஒருமுறை அடித்தது. அப்புறம் சைக்கிள் பள்ளத்துப் பக்கம் போன சத்தம், கல்லில் மோதி மோதி, வெகு ஆழம்வரை கேட்டது. குருவம்மாள் நடையை நிறுத்தவில்லை. ஆனால் அவளுக்கு மூச்சு இலகுவாக வருவது பின்னால் வந்த முப்பிடாதிக்குத் தெரிந்தது.

முப்பிடாதிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மடியைத் தடவிப் பார்த்தாள். முள் இன்னும் ஏழு மிச்சமிருந்தது. எறிந்துவிடலாம் என்று கையில் எடுத்தவள், திரும்ப மடியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டாள்.