ஆறாவது கை

...கையைத் தூக்கக் கூடாது, அதுதான் விதி, எந்த ஊரைப் பற்றி வாக்கெடுப்போ அந்த ஊர்க்காரர் கையைத் தூக்கக் கூடாது, அதனால்தான் மார்லிஸ் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், லுண்ட் கிராசிங் நகரமன்றச் செயலாளர், இந்த வயதில், வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்ட பிள்ளை மாதிரி... சுற்றிலும் எட்டு ஊர் மேயர்கள். ஆறு கை எழுந்தால் என் ஊர் வெளியே. வெளியே என்றால்? தனித்தனியாகக் காப்பீடு வாங்க வக்கில்லாத ஒன்பது மினசோட்டா ஊர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்திருக்கும் பொதுநிதி இது, எந்த ஊர் மேல் யார் வழக்குப் போட்டாலும் நஷ்டஈடு இதிலிருந்துதான். இதுவும் கைவிட்டால் எந்தக் கம்பெனி எங்களைச் சேர்த்துக்கொள்ளும்? போலீஸ் நாய் தபால்காரரைக் கடித்த ஊர், சாக்கடை எதிர்த்து வந்து பல் டாக்டரின் நிலவறையை நிரப்பிய ஊர், இப்போது ஆர்டெல் வேறு. காப்பீடு இல்லையென்றால் போலீஸ் வண்டி தெருவில் இறங்காது, பனி அள்ளும் வண்டி இறங்காது, நகரமன்றத்தையே கலைத்துவிட்டுக் கவுண்டி நிர்வாகத்திடம் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆர்டெல்... நூலக வாசல் பனியில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவள். அவள் விழுந்ததுகூடப் பரவாயில்லை, உப்புத் தூவியிருந்தோம், சாட்சி இருந்தது, வாதாடியிருக்கலாம். கெடுத்தது நான். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு, மேலே துண்டு போட்டு மூடி, நேராக அவள் வீட்டுக்கு... யாருக்காவது அடிபட்டால் இங்கே வேறென்ன செய்வார்கள்? போனோமா, கொடுத்தோமா, வந்தோமா என்றில்லாமல், "மன்னிச்சிடு ஆர்டெல், தப்பு எங்க மேலதான்." வாசலில் பூட்ஸைக் கழற்றுவது போலத் தானாக வந்துவிட்டது. விபத்து நடந்தால் மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள் என்று நிதியின் தலைவி ரெனாட்டா வருஷா வருஷம் பாடம் நடத்துகிறாளே! ஆர்டெலின் மகன் பிடித்து வந்த வக்கீல் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஒன்பது ஊர்ப் பணத்தையும் வழித்துக்கொண்டு போனார்.

"என்ன மார்லிஸ், இன்னைக்குச் சாப்பாடு எதுவும் கொண்டு வரலியே? இருக்கிற கேஸே போதும்மா!" கோர்டிதான், ஸ்டாவிக் மேயர், போன மாதம் எங்களை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டு வந்தவனே அவன்தான், எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும்... "ஓட்டுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணுமா, மார்லிஸ்?" என்றாள் ரெனாட்டா. எழுந்தாள். வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்த பேச்சு, புது நடைபாதை, புது உப்பு, ஒன்றுமே நினைவில் இல்லை, கோபம் மட்டும் வந்தது, இத்தனை நாள் எங்கே கிடந்தது இது? "கோர்டி, உன்னையே கேக்கிறேன். உன்கூடப் படிச்சவ ஒருத்தி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறா. போய்ப் பார்க்க மாட்டியா? வெறுங்கையோட போவியா? போய், வக்கீல் சொன்னாருன்னு வாயை மூடிட்டு நிப்பியா? அப்படி நிக்கிற ஆள் இந்த ரூம்ல யாராவது இருந்தா இப்பவே கையைத் தூக்குங்க, ஓட்டே வேண்டாம், நானே போயிடறேன்." மேஜையைப் பார்த்தார்கள். காப்பியைப் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை. உட்கார்ந்து, கைகளை மறுபடி தொடைக்கடியில் செருகிக்கொண்டாள்.

"சரி, முறைப்படி ஓட்டு. நீக்கணும்கிறவங்க?" ஒரு கை, மூன்று, பாவிகளா, இப்போதுதானே தலையைக் குனிந்தீர்கள், ஐந்து... ஆறாவது கோர்டி. தீர்மானமே அவனுடையது, எழும், எழாமல் எங்கே போகும்... பருத்த அந்தக் கை காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே கிடந்தது. "கோர்டி?" "காது நல்லாத்தான் கேக்குது, ரெனாட்டா. தூக்கலை. ஆளை விடு."

ஜெயித்துவிட்டாள்! தொடைக்கடியிலிருந்து கைகளை உருவினாள், மரத்துப்போயிருந்தன, ஊசி ஊசியாகக் குத்தின, குத்தட்டும், என் ஊர் இருக்கிறது, நாளைக்கும் பனி அள்ளுவார்கள், கோடையில் ஏரிக்கரையில் பிள்ளைகள் குதிக்கும், அந்தப் பாழாய்ப்போன நாய்கூட இருக்கும்... படியிறங்கும்போது வாய்விட்டுச் சிரித்தாள், வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது, ஓடலாம் போலிருந்தது, வழுக்கினாலும் பரவாயில்லை, காப்பீடு இருக்கிறது!

காருக்குப் பக்கத்தில் கோர்டி நின்றான். "நல்லாத்தான் பேசினே." "உன் மனசு மாறும்னு நினைக்கவே இல்லை, கோர்டி." அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அடுத்த கூட்டத்துல எங்க ஊரு ஓட்டுக்கு வரும். பனி அள்ற வண்டியை எங்க ஆளு சர்ச் சுவத்துல மோத விட்டுட்டான். உள்ள ஆள் இருந்துச்சு." "ஐயோ... எப்போ?" "நேத்து," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். நேற்று. அப்படியானால் நான் எழுவதற்கு முன்பே, கோபம் வருவதற்கு முன்பே, அந்தக் கை... இல்லை, என் பேச்சுக்கு அவன் முகம் சிவந்ததே, பார்த்தேனே, குளிரிலும் சிவக்குமா? அறைக்குள் ஏது குளிர்? மார்லிஸ் காரைக் கிளப்பினாள், சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது, அடுத்த மாதம் அவனுக்கு எதிராகத் தன் கை எழாது என்பது மட்டும் அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது, ஏன் எழாது என்பதுதான்...